வரிசை மாறினால் விளைவு மாறும்: மூலக்கூறு, வடிவம், ஓய்வூதியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எல்லைக்கு அப்பால் பொள்ளாச்சி ஆகிய ஊர்களில் உள்ள தமிழ் மாணவர்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும், ஓய்வை நெருங்கும் ஊழியர்களும் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். மாணவர்கள் பெரும்பாலும் முதல் பாதியையும் பெரியவர்கள் பின்பாதியையும் கேட்கிறார்கள். இரண்டையும் இரு தரப்பினரும் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

மூலக்கூறுக் கட்டுப்பாடு, வடிவியல் பகுப்பாய்வு, ஓய்வூதியப் பொருளியல் ஆகிய மூன்றையும் ஏன் ஒன்றாகப் பேசுகிறீர்கள்?

மூன்றிலும் அடியில் கிடப்பது ஒரே கணிதக் கேள்வி. இரண்டு செயல்களை அடுத்தடுத்துச் செய்கிறோம். முந்தையதைப் பிந்தையதாக்கினால் முடிவு மாறுமா, மாறாதா? மூன்றையும் ஐந்தையும் எந்த வரிசையில் பெருக்கினாலும் பதினைந்துதான். ஆனால் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, முதலில் முன்பக்கமாகக் கால் சுற்று சாய்த்து, பிறகு வலப்பக்கமாகக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். அடுத்து அதே புத்தகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, திருப்புவதை முதலிலும் சாய்ப்பதை இரண்டாவதாகவும் செய்யுங்கள். இரண்டு முறையும் புத்தகம் ஒரே நிலையில் வந்து நிற்காது. இந்த வேறுபாட்டை அளந்து எழுதும் கணிதத்தை 19ஆம் நூற்றாண்டில் நார்வே நாட்டுக் கணிதர் சோஃபஸ் லீ வளர்த்தெடுத்தார். மூலக்கூறை விரும்பிய நிலைக்குக் கொண்டுசெல்ல அந்த வேறுபாடே கைப்பிடியாக உதவுகிறது. வடிவியலில் அந்த வேறுபாட்டுக்குத்தான் வளைவு என்று பெயர். ஓய்வு பெற்றவரின் சேமிப்பிலோ அது ஓர் அபாயமாக வந்து நிற்கிறது.

ஓய்வுக்காலச் சேமிப்பில் வரிசை எப்படி அபாயமாகும்? சராசரி வருமானம் ஒன்றாக இருந்தால் போதாதா?

போதாது. இதை எண்களால் காட்டிவிடுவதே நல்லது. இருவரிடம் பங்குச் சந்தையில் தலா 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. இருவரும் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் செலவுக்கு 1 லட்சம் எடுக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் சந்தை ஒருமுறை 20 சதவீதம் இறங்குகிறது, ஒருமுறை 10 சதவீதம் ஏறுகிறது, ஒருமுறை 30 சதவீதம் ஏறுகிறது என்று கொள்வோம்.

முதலாமவருக்கு இறக்கம் முதல் ஆண்டிலேயே வருகிறது. 10 லட்சத்தில் 1 லட்சம் போக 9 லட்சம், அது 7.2 லட்சமாகச் சுருங்குகிறது. அடுத்த ஆண்டு 1 லட்சம் எடுத்தபின் 6.2 லட்சம் 6.82 லட்சமாகிறது. மூன்றாம் ஆண்டில் 5.82 லட்சம் சுமார் 7.57 லட்சமாக முடிகிறது. இரண்டாமவருக்கு அதே மூன்று ஆண்டுகள் தலைகீழாக வருகின்றன. 9 லட்சம் 11.7 லட்சமாகவும், 10.7 லட்சம் 11.77 லட்சமாகவும் வளர்ந்து, கடைசி ஆண்டின் இறக்கத்துக்குப் பிறகு சுமார் 8.62 லட்சத்தில் நிற்கிறது. சராசரியும் ஒன்று, எடுத்த பணமும் ஒன்று. ஆனால் கையில் மிஞ்சியதில் 1 லட்சத்துக்கு மேல் வேறுபாடு.

இருவருமே பணம் எடுக்காமல் இருந்திருந்தால் இருவரிடமும் 11.44 லட்சம்தான் இருந்திருக்கும். வரிசைக்கு அங்கே வேலையே இல்லை. பெருக்குவதை மட்டும் எந்த வரிசையிலும் செய்யலாம். பெருக்கலுக்கு இடையே கழித்தலும் நுழைந்துவிட்டால் வரிசை உயிர்பெற்றுவிடுகிறது. வேலையில் இருந்த முப்பது ஆண்டுகளில் பெரிதாகக் கவலைப்படாத ஒருவர், ஓய்வு பெற்ற முதல் ஐந்து ஆண்டுகளில் மட்டும் சந்தையைப் பார்த்துக் கவலைப்படுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது என்பதை இந்தச் சிறு கணக்கே சொல்லிவிடுகிறது.

மூலக்கூறுக் கட்டுப்பாடு என்றால் என்ன?

வேதிவினைகளை நாம் இதுவரை நடத்திவந்தது பெரும்பாலும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வினையூக்கியாலும்தான். வெப்பம் கொடுத்தால் அணுக்களை இணைக்கும் எல்லாப் பிணைப்புகளும் சேர்ந்தே அதிர்கின்றன. எது நலிந்ததோ அது முதலில் முறிகிறது. நலிந்த பிணைப்பை விட்டுவிட்டு வலுவான பிணைப்பை மட்டும் முறிக்க முடியுமா என்பதே மூலக்கூறுக் கட்டுப்பாடு எழுப்பிய முதல் கேள்வி.

1960இல் லேசர் வந்ததும் பலருக்கும் தோன்றிய வழி எளிமையானது. ஒவ்வொரு பிணைப்புக்கும் தனி அதிர்வெண் உண்டு. அதற்கு இசைவான நிறத்தில் லேசரைச் செலுத்தினால் அந்தப் பிணைப்பு மட்டும் முறிந்துவிடும் என்று எண்ணினார்கள். பெரும்பாலான மூலக்கூறுகளில் இது நடக்கவில்லை. ஒரு பிணைப்புக்குள் செலுத்திய ஆற்றல், அது முறிவதற்குள் மற்றப் பிணைப்புகளுக்கெல்லாம் பரவிவிடுகிறது. பரவுவதற்குப் பல மூலக்கூறுகளில் சில பிக்கோ விநாடிகளே போதும். பிக்கோ விநாடி என்பது ஒரு விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. கடைசியில் லேசரும் விலை கூடிய அடுப்பாகவே வேலை செய்தது.

அரைக்கனநீர் இதற்கு அழகான விதிவிலக்கு. அந்த மூலக்கூறில் ஆக்சிஜனின் ஒருபுறம் சாதாரண ஹைட்ரஜனும் மறுபுறம் ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியமும் இருக்கின்றன. டியூட்டீரியம் இருமடங்கு கனமானது என்பதால் இரண்டு பிணைப்புகளின் அதிர்வெண்களும் வெகுவாக விலகி நிற்கின்றன. ஒன்றில் வைத்த ஆற்றல் மற்றதற்கு எளிதில் கசிவதில்லை. 1990இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிளெமிங் கிரிம் குழுவினர் ஹைட்ரஜன் பக்கத்துப் பிணைப்பை லேசரால் அதிரவைத்து, அந்தப் பக்கத்து வினையே மேலோங்கும்படி செய்து காட்டினார்கள். மூலக்கூறு மிகச் சிறியது, அதிர்வுகள் நன்கு விலகியவை என்பதால்தான் இது கைகூடியது.

அப்படியானால் பெரிய மூலக்கூறுகளுக்கு வழி என்ன?

ஒளியின் நிறத்தோடு அதன் கட்டத்தையும் (ஒளியலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும்), மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் லேசர் துடிப்புகளின் நேரத்தையும் வரிசையையும் கையாள்வதே வழி. இங்கேதான் கோட்பாட்டு ஆராய்ச்சி சோதனைச்சாலைக்கு முன்னால் நடந்தது. 1985இல் டேவிட் டானரும் ஸ்டூவர்ட் ரைஸும் இரண்டு துடிப்புகளின் திட்டத்தை முன்வைத்தார்கள். முதல் துடிப்பு மூலக்கூறை உயர்நிலைக்கு ஏற்றுகிறது. அங்கே அது நீண்டும் சுருங்கியும் வடிவம் மாறிக்கொண்டிருக்கிறது. சரியான கணத்தில் வரும் இரண்டாம் துடிப்பு அதை நாம் விரும்பும் பக்கமாகக் கீழே இறக்குகிறது. 1986இல் பால் புரூமரும் மோஷே ஷபிரோவும் வேறொரு வழியைக் காட்டினார்கள். ஒரே இறுதி ஆற்றலுக்கு இரண்டு பாதைகள் இருந்தால், குவாண்டம் விதிப்படி அவை ஒன்றையொன்று வலுப்படுத்தவும் அழிக்கவும் கூடும். இரண்டு ஒளிகளின் கட்ட வேறுபாட்டைத் திருகினால் எந்த விளைபொருள் கூடும், எது குறையும் என்பதை ஆளலாம். 1995இல் ஹைட்ரஜன் அயோடைடு மூலக்கூறில் இது சோதனையாகவே நிறுவப்பட்டது.

இவற்றை நடத்தத் தேவையான கால அளவு ஃபெம்டோ விநாடி, அதாவது ஒரு விநாடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. நீர் மூலக்கூறில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு ஒருமுறை நீண்டு சுருங்க சுமார் 9 ஃபெம்டோ விநாடிகள் ஆகின்றன. இந்த அளவில் வேதிவினையைக் கண்ணால் பின்தொடர்வதுபோல் ஆராய்ந்ததற்காக அகமது செவெயிலுக்கு 1999ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

1992இல் ரிச்சர்ட் ஜட்சனும் ஹெர்ஷல் ராபிட்சும் சொன்ன யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. மூலக்கூறின் சமன்பாட்டை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு துடிப்பைச் செலுத்தி, விளைவை அளந்து, அதைக் கொண்டு அடுத்த துடிப்பைத் திருத்திக்கொண்டே போனால், மூலக்கூறே தனக்கேற்ற துடிப்பைச் சொல்லிக்கொடுத்துவிடும் என்றார்கள். 1998இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் குஸ்டாவ் கெர்பரின் குழு இந்த வழியில் ஓர் இரும்புச் சேர்மத்தின் முறிவுப் பாதைகளை மாற்றிக் காட்டியது.

வரிசை இங்கே கைப்பிடியாகிறது என்றீர்களே, எப்படி?

சித்தூர்க் கடைவீதியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே காரை நிறுத்துபவரைப் பாருங்கள். கார் பக்கவாட்டில் நகராது. அவரிடம் இருப்பவை இரண்டே செயல்கள்: சக்கரத்தைத் திருப்புவது, முன்னும் பின்னும் ஓட்டுவது. ஆனாலும் திருப்பி, ஓட்டி, எதிர்ப்புறம் திருப்பி, பின்னோக்கி ஓட்டினால் கார் பக்கவாட்டில் சற்று நகர்ந்திருக்கிறது. இரண்டு செயல்களும் வரிசைக்குக் கட்டுப்பட்டவை என்பதாலேயே மூன்றாவது திசை ஒன்று பிறக்கிறது. அந்தப் புதிய திசையைத்தான் லீ அடைப்பு என்று கணிதர் குறிக்கிறார்கள்.

மூலக்கூறுக்கும் இதே விதி பொருந்துகிறது. நம் லேசரால் நேரடியாகச் செய்யக்கூடிய செயல்கள் சிலவே. அவற்றின் அடைப்புகளையும், அடைப்புகளின் அடைப்புகளையும் எடுத்துக்கொண்டே போனால் எல்லாத் திசைகளும் கிடைத்துவிடுமா என்று பார்க்க வேண்டும். மூன்று ஆற்றல் நிலைகள் கொண்ட அமைப்பில் அப்படிக் கிடைக்க வேண்டிய திசைகள் எட்டு. பொதுவாக நிலைகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஒன்று குறைவு. எட்டும் கிடைத்துவிட்டால், எந்த நிலையிலிருந்தும் எந்த நிலைக்கும் மூலக்கூறைக் கொண்டுசெல்லும் துடிப்பு வரிசை ஒன்று நிச்சயம் உண்டு. லேசரை விலைகொடுத்து வாங்குவதற்கு முன்பே காகிதத்தில் இதைத் தீர்மானித்துவிடலாம். கோட்பாட்டு ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இதனால் நம் மருந்துக்கடைக்குப் புதிய மருந்து வருமா?

லேசரால் கிலோக் கணக்கில் மருந்து தயாரிப்பது நடைமுறையில் இல்லை. பலன் வந்திருப்பது வேறு இடத்தில். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில், அதாவது எம்.ஆர்.ஐ. கருவியின் அடிப்படையான அந்த முறையில், துடிப்புகளை வடிவமைக்க இதே கணிதம் பயன்படுகிறது. 2001இல் நவீன் கனேஜா, ரோஜர் பிராக்கெட், ஸ்டெஃபன் கிளேசர் ஆகிய மூவரும், சுழல் அமைப்பு ஒன்றை, அதாவது சிறு காந்தங்கள்போல் நடக்கும் அணுக்கருக்களின் தொகுப்பை, மிகக் குறைந்த நேரத்தில் மாற்றும் துடிப்பைத் தேடுவது ஒரு வளைந்த வெளியில் மிகக் குறுகிய பாதையைத் தேடுவதற்குச் சமம் என்று காட்டினார்கள். குவாண்டம் கணினியின் வாயில்களை, அதாவது அதன் அடிப்படைக் கணக்குச் செயல்களை, அமைப்பவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள். மூலக்கூறிலிருந்து வடிவியலுக்குச் செல்லும் பாலம் இதுவே.

வடிவியல் பகுப்பாய்வு என்பது என்ன? நம் பக்கத்து ஆள் யாராவது அதில் இருக்கிறாரா?

வளைந்த வெளிகளைப் பற்றிய கேள்விகளுக்கு, வெப்பம் பரவுவதையும் அலை அசைவதையும் விவரிக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளின் வழியாக விடை தேடும் துறை அது. நம் பக்கத்து ஆள் என்ற கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வேன். சுப்பராமையா மீனாட்சிசுந்தரம் 1913இல் திருச்சூரில் பிறந்தார். சென்னை லயோலாக் கல்லூரியில் படித்தார். வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். கேரளத்தில் பிறந்து, சென்னையில் படித்து, ஆந்திரத்தில் கற்பித்த இந்தத் தமிழர், 1940களின் பிற்பகுதியில் பிரின்ஸ்டனில் தங்கியிருந்தபோது சுவீடன் நாட்டுக் கணிதர் ஓகே பிளெயெலைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து 1949இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இன்றும் இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று. எல்லைப்புறத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இவர் பெயரைப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும்.

அவர்கள் நிறுவியது இதுதான். ஒரு வளைந்த பரப்பின் ஒரு புள்ளியில் வெப்பத்தை வைத்து, மிகச் சிறிய நேரத்துக்குப் பிறகு அதே புள்ளியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தால், அந்த எண்ணை ஒரு தொடராக விரிக்கலாம். அப்படிப் புள்ளிதோறும் பார்த்துக் கூட்டினால், தொடரின் முதல் உறுப்பு பரப்பளவைச் சொல்கிறது. அடுத்த உறுப்பு மொத்த வளைவைச் சொல்கிறது. மொத்த வளைவு தெரிந்தால் அந்தப் பரப்பில் எத்தனை துளைகள் என்பதும் தெரிந்துவிடும். வெப்பம் பரவும் விதமும் பரப்பு அதிரும் சுருதிகளும் ஒரே தகவலின் இரு முகங்கள் என்பதால், பரப்பின் ஒலியைக் கேட்டே அதன் வடிவத்தில் பெரும்பகுதியை அறியலாம் என்று ஆகிறது.

ஒலியை வைத்து வடிவத்தை முழுமையாகவே அறிந்துவிட முடியுமா?

மார்க் காட்ஸ் 1966இல் இதே கேள்வியை மத்தளத்தை வைத்துக் கேட்டார். 1992இல் கரோலின் கார்டன், டேவிட் வெப், ஸ்காட் வோல்பர்ட் ஆகியோர், வடிவம் வேறாகவும் சுருதிகள் முற்றிலும் ஒன்றாகவும் உள்ள இரண்டு தட்டையான பரப்புகளைக் கட்டிக்காட்டி, முடியாது என்று நிறுவினார்கள். பரப்பளவும் சுற்றளவும் துளைகளின் எண்ணிக்கையும் காதுக்கு எட்டும். முழு வடிவம் எட்டாது.

பாலக்காட்டுக்காரர்கள் இந்த இடத்தில் மிருதங்கத்தைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. மணி ஐயரின் ஊராயிற்றே. ஒரே சீரான வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேற்சுருதிகள் அடிச்சுருதியின் சுமார் 1.59, 2.14, 2.30 மடங்குகளாக வருகின்றன. இவை முழு எண்கள் அல்ல என்பதால் காதுக்கு அது இசையாகப் படாமல் ஓசையாகவே படுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் சோற்றோடு கரும்பொடியைப் பிசைந்து, படலம் படலமாக இட்டுத் தேய்த்துக் கரணை வைக்கிறார்கள். நடுவில் கூடும் அந்தக் கனம் மேற்சுருதிகளை இழுத்து, ஏறக்குறைய 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சி.வி. ராமன் இதை 1920இலும் பின்னர் 1934இலும் விரிவாக ஆராய்ந்து, ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து இசைச் சுருதிகளாகத் திரள்வதைக் காட்டினார். எந்தச் சமன்பாடும் எழுதாமல், கரணையின் கனத்தைக் காதால் திருத்தித் திருத்தி, விரும்பிய சுருதிக் கோவையைத் தோலுக்கு வழங்கிய கைவினைஞர்களின் வேலையை நான் உயர்ந்த ஆராய்ச்சி என்றே மதிக்கிறேன். செலுத்து, அள, திருத்து என்று ஜட்சனும் ராபிட்சும் மூலக்கூறுக்குச் சொன்ன அதே முறை அது.

வளைவு என்பதும் வரிசையைப் பற்றியது என்றீர்கள். அதைச் சற்று விளக்க முடியுமா?

பூமியின் நடுக்கோட்டில் ஓரிடத்தில் நின்று, வடக்கு நோக்கி ஒரு கோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோலைத் திருப்பாமல் நேரே வடதுருவம் வரை செல்லுங்கள். அங்கிருந்து, வந்த வழிக்குச் செங்குத்தான வழியில், கோலைத் திருப்பாமலே நடுக்கோட்டுக்கு இறங்குங்கள். பிறகு நடுக்கோட்டின் வழியே புறப்பட்ட இடத்துக்கு வாருங்கள். எந்த இடத்திலும் நீங்கள் கோலைத் திருப்பவில்லை. ஆனால் அது இப்போது கிழக்கையோ மேற்கையோ காட்டும். சரியாகக் கால் சுற்று திரும்பியிருக்கும். தட்டையான வயலில் இப்படிச் சுற்றிவந்தால் கோல் திரும்பியே இருக்காது. முதலில் இந்தத் திசை, பிறகு அந்தத் திசை என்று செல்வதற்கும் வரிசையை மாற்றிச் செல்வதற்கும் இடையே எழும் வேறுபாட்டை ஒவ்வொரு புள்ளியிலும் அளந்தால் கிடைப்பதே ரீமானின் வளைவு.

வளைவையே வெப்பம்போல் பரவவிட்டு வடிவத்தைச் சீராக்கும் ரிச்சி ஓட்டத்தை 1982இல் ரிச்சர்ட் ஹாமில்டன் அறிமுகப்படுத்தினார். அதைக் கொண்டு 2002, 2003ஆம் ஆண்டுகளில் கிரிகோரி பெரல்மான், முப்பரிமாணக் கோளத்தை அடையாளம் காண்பது பற்றிய 1904ஆம் ஆண்டின் புவான்கரே ஊகத்தை நிறுவினார். அது தனியே எழுத வேண்டிய பெரிய கதை.

ஓய்வூதியப் பொருளியலில் கோட்பாடு என்ன சொல்கிறது? அனுபவம் போதாதா?

ஒருவர் ஒரே ஒருமுறைதான் ஓய்வு பெறுகிறார் என்பதால் அனுபவம் போதாது. அண்டை வீட்டுக்காரரின் அனுபவம் அவருக்கு வாய்த்த ஆண்டுகளின் வரிசையைச் சேர்ந்தது. நமக்கு அதே வரிசை வாய்க்கும் என்று எண்ண இடமில்லை.

1954இல் ஃபிராங்கோ மொடிக்லியானியும் ரிச்சர்ட் பிரம்பெர்க்கும், சம்பாதிக்கும் காலத்தில் சேர்த்து, சம்பாதிக்காத காலத்தில் செலவிட்டு, வாழ்நாள் முழுதும் செலவைச் சீராக வைக்கவே மக்கள் முயல்கிறார்கள் என்ற கருத்தை முன்வைத்தார்கள். 1969இல் ராபர்ட் மெர்ட்டன், சேமிப்பில் எவ்வளவைப் பங்குச் சந்தையில் வைப்பது, ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுவது என்ற இரண்டையும் ஒரே கட்டுப்பாட்டுச் சிக்கலாக எழுதினார். ரிச்சர்ட் பெல்மன் 1950களில் உருவாக்கிய, கடைசி ஆண்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரும் முறையால் அதைத் தீர்த்தார். மூலக்கூறுக்குத் துடிப்பு வடிவமைப்பவரும் இதையொத்ததையே செய்கிறார்: இலக்கு நிலையிலிருந்து பின்னோக்கியும், தொடக்க நிலையிலிருந்து முன்னோக்கியும் கணித்து, இரண்டும் பொருந்தும்வரை துடிப்பைத் திருத்துகிறார்.

மெர்ட்டனின் விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. பங்கின் கூடுதல் வருமானத்தை, ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தாலும், இழப்புக்கு நாம் எவ்வளவு அஞ்சுகிறோம் என்பதைக் காட்டும் ஓர் எண்ணாலும் வகுத்தால், பங்கில் வைக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். கூடுதல் வருமானம் 4 சதவீதம், ஏற்ற இறக்கம் 20 சதவீதம், அச்சத்தின் அளவு 3 என்று வைத்தால் விடை மூன்றில் ஒரு பங்கு. இந்தச் சூத்திரத்தில் வயதுக்கு இடமே இல்லை.

ஆனால் வயது கூடக் கூடப் பங்கைக் குறைக்க வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

அதற்கான காரணத்தை 1992இல் போடி, மெர்ட்டன், சாமுவெல்சன் மூவரும் விளக்கினார்கள். இளைஞரின் பெரிய சொத்து அவர் இனி வாங்கப்போகும் சம்பளம். நிலையான சம்பளம் கிட்டத்தட்ட வங்கி வைப்பைப் போன்றது. அது கையில் இருக்கும்போது மற்றச் சேமிப்பில் துணிவு காட்டலாம். ஓய்வு பெற்றதும் அந்தச் சொத்து தீர்ந்துவிடுகிறது.

இதையே நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். அரசே ஆயுள் முழுதும் ஓய்வூதியம் தரும் பழைய திட்டத்தில் மாதம் 30,000 ரூபாய் பெறுபவருக்கு அது விலைவாசியோடு சேர்ந்து உயர்கிறது என்று கொண்டால், விலைவாசி போக 2 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு அதன் இன்றைய மதிப்பு சுமார் 59 லட்சம். அவர் கையில் வைப்பு நிதியாக ஒரு ரூபாய்கூட இல்லை என்றாலும், 59 லட்சத்தைப் பாதுகாப்பான இடத்தில் வைத்திருப்பவருக்கு ஒப்பானவர். அவர் தன் சிறு சேமிப்பில் ஒரு பகுதியைப் பங்கில் வைப்பதும், ஊழியரும் அரசும் மாதந்தோறும் நிதி சேர்க்கும் பங்களிப்புத் திட்டத்தில் இருக்கும் இளைய சக ஊழியர் அதே அளவு வைப்பதும் ஒன்றாகாது.

கணவர் கேரள அரசுப் பள்ளியிலும் மனைவி தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலும் வேலை செய்கிறோம். எங்கள் கணக்கு எப்படி?

முதலில் இருவரும் பணியில் சேர்ந்த நாளைப் பாருங்கள். கேரளத்தில் 2013 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் வருகிறார்கள். அவர்களின் ஓய்வு வயது 60. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமும் 56 வயது ஓய்வும். தமிழ்நாட்டில் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குக் கொண்டுவரப்பட்டது. ஓய்வு வயது 2020இல் 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது.

ஆக, கணவர் 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர் என்றால், ஒரே வயதுள்ள தம்பதியில் அவர் 56இல் ட்ரஷரிக்குப் போய் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியபின்னும் மனைவி நான்கு ஆண்டுகள் சம்பளம் வாங்குவார். வரிசை அபாயத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடைப்பது அரிது. அந்த நான்கு ஆண்டுகளில் வீட்டுச் செலவைச் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் நடத்திக்கொண்டு, சந்தையில் உள்ள பணத்தைத் தொடாமல் விட்டால், இறக்கம் வந்தாலும் பெருக்கல் மட்டுமே நடக்கிறது, கழித்தல் நுழையவில்லை.

எவ்வளவு காலம் வாழ்வோம் என்று தெரியாதபோது மாதம் எவ்வளவு எடுப்பது?

40 லட்சம் ரூபாய் இருக்கிறது, விலைவாசி போக 2 சதவீதம் கிடைக்கிறது என்று கொள்வோம். 25 ஆண்டுகளில் தீர்த்துவிடலாம் என்றால் இன்றைய மதிப்பில் மாதம் சுமார் 17,000 ரூபாய் எடுக்கலாம். 35 ஆண்டுகளுக்கு வர வேண்டும் என்றால் சுமார் 13,300தான். மாதம் 3,700 ரூபாய் வேறுபாடு, ஆயுள் தெரியாததற்கு நாம் கொடுக்கும் விலை. இந்திய மாநிலங்களில் 60 வயதைக் கடந்தோர் விகிதம் மிகுதியாக உள்ளது கேரளத்தில். 2021ஆம் ஆண்டுக்கான கணிப்பில் 16.5 சதவீதம். அடுத்தது தமிழ்நாடு, 13.6 சதவீதம். எல்லையின் இரு பக்கமும் இது வீட்டுக்கு வீடு வரும் கேள்வி.

இந்த விலையைக் குறைக்கும் வழி, பலர் சேர்ந்து நிதியைப் பகிர்வது. 80 வயதான பத்துப் பேர் தலா 1 லட்சம் போடுகிறார்கள், ஓராண்டில் ஒருவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய ஒன்பது பேருக்கும் தலா 1.11 லட்சம் வருகிறது. வட்டி சேராமலே 11 சதவீதம். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, ஆயுள் உள்ளவரை மாதந்தோறும் பணம் பெறும் ஆன்யூட்டியின் உயிர்நாடி இதுதான். வாரிசுக்கு விட்டுச்செல்ல விரும்பாதவர், நியாயமான விலையில் கிடைத்தால், சேமிப்பு முழுவதையும் ஆன்யூட்டியாக்குவதே சிறந்தது என்று 1965இல் மெனாஹெம் யாரி நிறுவினார்.

ஆனாலும் உலகெங்கும் மக்கள் தாமாக முன்வந்து ஆன்யூட்டி வாங்குவது குறைவு. பிள்ளைகளுக்கு ஏதேனும் விட வேண்டும் என்ற எண்ணமும், திடீர் மருத்துவச் செலவு பற்றிய அச்சமும் நியாயமான காரணங்கள். விலைவாசியோடு உயராத ஆன்யூட்டி 20 ஆண்டுகளில் சுருங்கிவிடும் என்பது அவற்றைவிடப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

சேமிப்பிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்ற விதி நமக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. வில்லியம் பெங்கென் 1994இல் அமெரிக்கப் பங்குகள், கடன் பத்திரங்கள் ஆகியவற்றின் 1926 முதலான வரலாற்றைக் கொண்டு, 30 ஆண்டுக் காலத்துக்குக் கணித்த விதி அது. 56இல் ஓய்வு பெறுபவரின் துணைவி அவரைவிட ஐந்து வயது இளையவர் என்றால் 30 ஆண்டு போதாது. அந்த எண்ணை விட்டுவிட்டு அதன் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: சராசரியைப் பார்க்காமல், மிக மோசமான வரிசையில் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் பெங்கென் தன் எண்ணைத் தேர்ந்தார்.

இவற்றைப் படிக்க விரும்பும் மாணவர் எங்கே தொடங்குவது?

நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் மூன்று துறைகளுக்கும் பொதுவான வாசல். அவற்றை நன்றாகப் படித்தபின் துறையைத் தேர்ந்தால் போதும். பாலக்காட்டிலேயே 2015 முதல் ஐ.ஐ.டி. இருக்கிறது, திருவனந்தபுரத்தில் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும், சென்னையில் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனமும், சி.எஸ். சேஷாத்ரி உருவாக்கிய சென்னைக் கணிதவியல் நிறுவனமும் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்தவர் தயங்க வேண்டியதில்லை. சமன்பாடுகளை நாள்தோறும் கையால் எழுதிப் பழகியவருக்கு மொழி மாற்றம் சில மாதங்களில் கைவந்துவிடும்.

எனக்கு இன்னும் மூன்று ஆண்டில் ஓய்வு. இப்போதே செய்ய வேண்டியது என்ன?

ஓய்வூதியம் போக ஆண்டுக்கு எவ்வளவு குறைகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். ஓய்வுக்குப் பிந்தைய முதல் ஐந்து ஆண்டுகளுக்கான அந்தக் குறையை மட்டும் சந்தைக்கு வெளியே எடுத்து வையுங்கள். அறுபது வயதானவர்களுக்கு அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இதற்கு ஏற்றது. 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம் வரை வைக்கலாம், வைக்கும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுகளுக்கு மாறாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கையில் வரும். 56இல் ஓய்வு பெறுபவர்கள், ஓய்வுக்காலப் பணப்பலன்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேர்ந்தால் வயதுத் தளர்வு உண்டு. அந்த மூன்று மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

வீட்டுக்கு மாடி எடுப்பது போன்ற பெரிய செலவு இருந்தால், சந்தை இறங்கியிருக்கும் ஆண்டில் அதற்காகப் பங்கை விற்காதீர்கள். ஓர் ஆண்டு தள்ளிப்போடுங்கள். ஆன்யூட்டிப் படிவத்தில் கையெழுத்திடும் முன், துணைவரின் ஆயுள் வரைக்கும் தொடரும் வகையைத் தேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மாதத்தொகை சற்றுக் குறையும், ஆனால் ஒருமுறை தேர்ந்ததைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம்.